பழைய சமையக்கட்டு ஓதத்தை டைல்ஸ் போட்டு மறைக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீடு பக்கத்துல பழைய கிச்சனை புதுசாக்குறது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. படமெல்லாம் பளிச்சுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல சொன்ன மூணு யோசனை, அதாவது ஓதம், அதான் சுவத்துல ஏறுற ஈரம், அடிச்ச சுவத்துல வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசுங்க, தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் டைல்ஸ் ஒட்டுங்க, பழைய புகைப்போக்கியையும் வென்டிலேட்டரையும் அடைச்சுட்டு அடுப்புக்கு மேல கரண்டுல ஓடுற சிம்னி மாட்டுங்கன்னு போட்டிருந்தாங்களே, அது புதுசா கட்டின வீட்டுக்கு வேணா ஒத்து வரும், எங்க கும்பகோணம், மாயவரம், திருவையாறு பக்கம் இருக்குற சுண்ணாம்பு வீட்டுக்கு அதைச் செஞ்சா ஓதம் போகாது, உள்ளயே தங்கிடும். நான் இந்தப் பக்கம் பழைய வீடு ரிப்பேர் வேலை எடுத்துச் செய்யிறவன். கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், இடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க, ஆனா சிலிண்டர் பத்தி எழுதியிருக்கறதை மட்டும் வெட்டாதீங்க.

இந்த வீடெல்லாம் எப்படிக் கட்டினதுன்னு முதல்ல பாக்கணும். சின்னச் செங்கல்லு, சுண்ணாம்புக் காரை, 14 இன்ச்சு, சில வீட்ல 18 இன்ச்சு கனத்துல சுவரு, காரையில கடுக்காய் தண்ணியும் வெல்லமும் சேத்து அரைச்சிருப்பாங்க, மேல தேக்குக் கட்டை போட்டு செங்கல்லை குத்துக்கல்லா அடுக்கின மெட்ராஸ் டெரஸ், இல்லேன்னா ஓடு. இப்ப கட்டுற வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு மேல டேம்ப் ப்ரூஃப் கோர்ஸ்னு ஒரு படை போடுறோமே, கீழேர்ந்து தண்ணி ஏறாம தடுக்குறதுக்கு, அது இந்த வீடுங்கள்ல பெரும்பாலும் கிடையாது. காவிரியில தண்ணி வந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் சேந்துக்கிச்சுன்னா கிணத்துல தண்ணி மேல வந்துடும், மண்ணு ஊறிக் கிடக்கும், செங்கல்லுலயும் காரையிலயும் இருக்குற கண்ணுக்குத் தெரியாத துவாரம் வழியா தண்ணி தானாவே மேல ஏறும், பொதுவா மூணு அடி நாலு அடி வரைக்கும். ஆனா சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியா வெளில விட்டுடும், வருஷா வருஷம் பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சு விட்டா முடிஞ்சுது. அதாவது சுவத்துல ஈரம் ஏறிக்கிட்டும் இருந்துச்சு, போய்க்கிட்டும் இருந்துச்சு, அதுல ஒரு கணக்கு இருந்துச்சு.

இதுக்கு மேல ஒண்ணுக்கு நாலு சிமெண்ட் கலவையில பூசி, அதுக்கு மேல புட்டி, அதுக்கு மேல எனாமல் பெயிண்டோ டைல்ஸோ போட்டா என்ன ஆகும்னா, தண்ணி ஏறுறது நிக்காது ஏன்னா அது மண்ணுலேர்ந்து வருது, போற வழி மட்டும் அடைஞ்சு போச்சு, அதனால அது வழி கிடைக்கிற வரைக்கும் இன்னும் மேல ஏறும். நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டினா அஞ்சு அடியில உப்புப் பூக்கும், முழுசா ஒட்டினா சுவத்துக்கு அந்தப் பக்கம் ஹால்லயோ சாமி ரூம்லயோ பூக்கும். அங்க பூத்ததும் அங்கயும் டைல்ஸ் ஒட்டலாமான்னு கேப்பாங்க பாருங்க, எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாது.

சுவத்துல வெள்ளையா பொரிஞ்சு பொடிப்பொடியா கொட்டுதே அது உப்பு. மண்ணுல இருக்குற உப்பை தண்ணி கரைச்சுக்கிட்டு வருது, தண்ணி ஆவியாகுற இடத்துல உப்பு மட்டும் கட்டியா நின்னுடும், அது விரியிற வேகத்துல பூச்சு உடைஞ்சு கொட்டுது. அதுலயும் சில உப்பு காத்துல இருக்குற ஈரத்தையே இழுத்து வச்சுக்கும், அதனால தான் எங்கயும் ஒழுகாத வீட்லயும் மழை நாள்ல சுவரு நனைஞ்ச மாதிரி கருத்துத் தெரியும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடலோரத்துல இது ரொம்ப ஜாஸ்தி. உப்பு ஊறின பழைய பூச்சை செங்கல்லு தெரியிற வரைக்கும் செதுக்கி எடுக்காம மேல எந்தக் கம்பெனி பெயிண்டு அடிச்சாலும் கொட்டத்தான் போகுது, டப்பாவுல எத்தனை வருஷ கேரண்டி போட்டிருந்தாலும் சரி.

ஆனா எல்லாத்தையும் ஓதம்னே சொல்லிடறதும் தப்பு, ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்காம கைய வைக்கக் கூடாது. தரையிலேர்ந்து மேல ஒரே மட்டமா கோடு போட்டாப்ல கறை இருந்தா அது கீழேர்ந்து ஏறுறது. உத்தரத்துல ஆரம்பிச்சு கீழ இறங்கினா மேல தட்டோட்டுல விரிசல், இல்லேன்னா மழைத்தண்ணி குழாய் அடைச்சிருக்கு. சிங்க்குக்கு கீழயோ குழாய் போற வழியிலயோ திட்டா, மழை வெயில்னு பாக்காம வருஷம் பூரா ஈரமா இருந்தா பைப் லீக்கு, பழைய ஜிஐ பைப்பு, அதான் துத்தநாகம் பூசின இரும்பு பைப்பு, சுவத்துக்குள்ள துருப்பிடிச்சு ஊசி முனை ஓட்டையில கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அக்ரஹாரம் மாதிரி வரிசை வீடுன்னா பொதுச்சுவரு, அந்தப் பக்கம் அவங்க புதுசா பாத்ரூம் கட்டியிருப்பாங்க, இங்க நம்ம அடுப்படி சுவரு பொரியும், இதுல சண்டை வந்தது தான் ஜாஸ்தி. மேல மூலையிலயும் பீரோ, செல்ஃபு பின்னாடியும் கருப்பா பச்சையா பூசணம் புள்ளி புள்ளியா வந்தா அது பெரும்பாலும் சமையல் ஆவி வெளில போக வழி இல்லாம தங்குறது.

சந்தேகமா இருந்தா ஒரு சுலபமான சோதனை இருக்கு, ரெண்டு அடிக்கு ரெண்டு அடி பிளாஸ்டிக் ஷீட்டை சுவத்துல வச்சு நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டிடுங்க, ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா ஷீட்டுக்கு உள்பக்கம் தண்ணி கோத்திருந்தா சுவத்துலேர்ந்து வருது, வெளிப்பக்கம் கோத்திருந்தா ரூம்ல இருக்குற ஆவி. எங்க சமவெளியில இந்த ரெண்டாவது கேஸ் மழை நாள்ல தான் கொஞ்சம் பாக்கலாம், ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்ல சுவரு சில்லுன்னு இருக்குறதால வருஷத்துல பாதி நாள் இது தான் பிரச்சினை, அங்க செய்யிற வேலையும் வேற மாதிரி, நான் அதுக்குள்ள போகலை.

இன்னொண்ணு யாரும் கட்டுரையில எழுத மாட்டேங்கறாங்க, ரோடு. பழைய தாரை சுரண்டாம மேல மேல ரோடு போட்டு போட்டு எங்க ஊர்ல திண்ணை ஏறிப் போன வீடெல்லாம் இப்ப படி இறங்கிப் போற வீடா ஆயிடுச்சு. தரை மட்டம் ரோட்டுக்கு கீழ போனா சுவத்தோட அடிப்பக்கம் எப்பவும் ஈர மண்ணுக்குள்ள தான் இருக்கும், அப்ப உள்ள என்ன செஞ்சாலும் பாதி தான் பிரயோஜனம். 2021-ல பழைய ரோட்டை மில்லிங் பண்ணி, அதாவது மெஷின்ல சுரண்டி எடுத்துட்டுத் தான் மேல போடணும்னு தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு, அது தெருவுக்குத் தெரு நடக்குதான்னு நீங்களே நிருபரை அனுப்பிப் பாருங்க. அது நம்ம கையில இல்ல, ஆனா கொல்லைப்பக்கம் சமையக்கட்டு சுவத்தை ஒட்டி கொட்டி வச்ச மண்ணு, செங்கல்லு, விறகு, சிமெண்ட் போட்டு மெழுகின தளம், துணி துவைக்கிற கல்லு, இதெல்லாம் நம்ம கையில தான் இருக்கு. சுவத்தை ஒட்டி ஒரு ரெண்டு அடிக்கு மண்ணை வெட்டி எடுத்து, வெளிய வாட்டம் குடுத்து தண்ணி ஓடுற மாதிரி செஞ்சாலே அடுத்த மழைக்கு வித்தியாசம் தெரியும், இதுக்கு ஆகுற செலவு ரெண்டு ஆள் கூலி.

இப்ப சிலிண்டருக்கு வரேன். கேஸ் எரிஞ்சா புகை வராது அதனால காத்தோட்டம் தேவையில்லன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, உங்க கட்டுரையிலயும் கிட்டத்தட்ட அப்படித் தான் இருந்துச்சு. கேஸ் எரியறப்ப தண்ணி உண்டாகுது சார், இது பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சு தீந்தா சுமார் 22 லிட்டர் தண்ணி, அதாவது ஒரு பெரிய பிளாஸ்டிக் குடத்துக்கும் மேல, ஆவியா அந்த ரூமுக்குள்ள வந்திருக்கும். மாசம் ஒரு சிலிண்டர்னா தெனம் முக்கால் லிட்டர், இது அடுப்பு மட்டும், சோறு வடிக்கிற ஆவி, இட்லி ஆவி, வெந்நீர், குக்கர் விசிலு எல்லாம் தனிக் கணக்கு. இது எங்கயாவது போயாகணும், வென்டிலேட்டரை அடைச்சா சுவத்துலயும் பரண்லயும் அலமாரியில இருக்குற அரிசி, பருப்பு, புளியிலயும் தான் போய் உக்காரும். ரவையில வண்டு வருதுன்னு பொம்பளைங்க திட்டு வாங்குறாங்களே, பாதி குத்தம் அடைச்ச ஜன்னலோடது.

விறகு அடுப்பு இருந்த காலத்துல வேற மாதிரி, அப்ப புகை ஒரு கொடுமை தான், அதைத் திரும்ப கொண்டாங்கன்னு சொல்ல வரலை, அடுப்படியில நின்ன பொம்பளைங்க நுரையீரலைக் கேட்டா தெரியும். ஆனா அந்த அடுப்போட சூட்டுல சுவரு காய்ஞ்சுச்சு, சூடான காத்து புகைப்போக்கி வழியா மேல போகப் போக கொல்லைக் கதவு வழியா புதுக் காத்து உள்ள வந்துச்சு, கரண்டு இல்லாம ஓடின எக்ஸாஸ்ட் அது. கேஸ் வந்ததும் மழைச்சாரல் அடிக்குது, அணில் வருது, பூனை வருதுன்னு புகைப்போக்கியை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வச்சு மூடிட்டாங்க. நான் போற வீட்டுல எல்லாம் முதல்ல செய்யிற வேலை அதைத் தொறக்குறது தான், மேல சின்னதா ஒரு தொப்பி கட்டி, பக்கவாட்டுல ஜிஐ வலை அடிச்சா சாரலும் வராது பூனையும் வராது. கொசு வலை அடிக்கணும்னா கழட்டிக் கழுவுற மாதிரி அடிங்க, அடுப்படி வலையில எண்ணெய்ப் பிசுக்கு ஏறி தூசி அப்பிக்கிச்சுன்னா அது வலை இல்ல சுவரு தான்.

நேஷனல் பில்டிங் கோடு 2016-ல, அதாவது நாட்டுக்கே பொதுவான கட்டட விதித் தொகுப்புல, வெக்கையும் ஈரமும் சேந்த ஊருக்கு தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு ஜன்னல் தொறப்பு இருக்கணும்னு இருக்கு, சமையலறைக்கு அதுக்கு மேல இன்னும் 25 சதவீதம் சேக்கணும். பத்துக்குப் பத்து அடுப்படின்னா கிட்டத்தட்ட 21 சதுர அடி. மாடர்ன் கிச்சன்னு சொல்லி ஜன்னல் மேல செல்ஃபு அடிச்சு மறைச்சுட்டு ஒன்பது இன்ச்சு ஃபேன் ஒண்ணு வைக்கிறாங்களே, அதை இதோட ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க.

ஃபேன் வைக்கிறதுலயும் கணக்கு இருக்கு. பத்துக்குப் பத்து ரூம், பத்து அடி உயரம்னா 1000 கன அடி காத்து, சமைக்கிறப்ப மணிக்கு 15 தடவை அது மாறணும்னு வச்சுக்கிட்டா நிமிஷத்துக்கு 250 கன அடி இழுக்கணும், ஃபேன் அட்டைப்பெட்டியில கன மீட்டர்ல போட்டிருப்பான், அதுல மணிக்கு 425. எங்க வீடுங்க உயரம் ஜாஸ்தி, 12 அடி இருந்தா அதுக்கேத்தாப்ல கூட்டிக்கணும். இதை விட முக்கியம் வைக்கிற இடம், ஃபேனை அடுப்புப் பக்கம் உயரத்துல வைக்கணும், காத்து உள்ள வர்ற கதவோ ஜன்னலோ எதிர்ப்பக்கம் இருக்கணும். தொறந்த ஜன்னலுக்குப் பக்கத்துலயே ஃபேனை வச்சா அந்த ஜன்னல் காத்தையே இழுத்து வெளில தள்ளிக்கிட்டு இருக்கும், ரூம் ஆவி ரூம்லயே இருக்கும். எல்லாத்தையும் இறுக்கி சாத்திட்டு ஃபேனைப் போட்டாலும் அதே கதி தான், உள்ள வர வழி இல்லாம காத்து எப்படி வெளில போகும்? சமைச்சு முடிச்சப்புறமும் ஒரு இருபது நிமிஷம் ஓட விடுங்க.

சிம்னி வேணாம்னு சொல்லலை. பைப் வச்சு வெளில விடுற சிம்னி நல்லது, பைப் இல்லாம கரி ஃபில்டர் வச்சு காத்தை திரும்ப ரூமுக்குள்ளயே விடுற மாடல் இருக்கு பாருங்க, அது எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் கொஞ்சம் புடிக்கும், ஆவியை ஒண்ணும் செய்யாது. ஓதம் இருக்குற வீட்டுக்கு அது தண்டச் செலவு. பைப் வச்ச சிம்னியிலயும் ஆறு இன்ச்சு வாய்க்கு நாலு இன்ச்சு பைப்பை சொருகி, மூணு எடத்துல வளைச்சு, கடைசியில ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல விட்டுட்டுப் போன வேலையை நான் பாத்திருக்கேன், சுவத்துல ஓட்டை போட மெஷின் இல்லையாம். அந்த ஆவி பூரா மேல தேக்குக் கட்டைக்குப் போகுது. சுவத்துக்குள்ள சொருகியிருக்குற கட்டை முனை தான் முதல்ல மக்கும், ஃபால்ஸ் சீலிங் மறைச்சுக்கிறதால கரையான் வந்தாலும் தெரியாது. மெட்ராஸ் டெரஸ் வீட்டு அடுப்படிக்கு ஃபால்ஸ் சீலிங்கே வேணாம்னு தான் நான் சொல்லுவேன், எத்தனை லைட்டு வச்சுக் காட்டினாலும்.

கேஸ்ல இன்னொரு விஷயம், எல்பிஜி காத்தை விட கனம், லீக் ஆனா மேல போகாது, தரையில படுத்துக்கும். மேல எக்ஸாஸ்ட் இருக்குங்கற தைரியத்துல தரை மட்டத்துல இருந்த காத்துத் துளை ஜாலியை எல்லாம் டைல்ஸ் போட்டு மூடிடறாங்க, சிலிண்டரை மூடின கப்போர்டுக்குள்ள வச்சுடறாங்க. சிலிண்டர் வைக்கிற கப்போர்டுக் கதவுல கீழ துவாரம் கட்டாயம் இருக்கணும், வெளிச்சுவத்துல தரையை ஒட்டி ஒரு வலை போட்ட தொறப்பு இருந்தா இன்னும் நல்லது. கேஸ் வாடை வந்தா எக்ஸாஸ்ட் சுவிட்சைப் போடக் கூடாது, கதவு ஜன்னலைத் தொறந்துட்டு ரெகுலேட்டரை மூடணும், இதையாவது அந்தக் கட்டுரையில ஒரு வரி சேத்திருக்கலாம்.

மாடுலர் கிச்சன் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மரத்தூளை அழுத்திச் செஞ்ச பார்ட்டிக்கிள் போர்டு ஈரம் பட்டா உப்பிடும், ஓதம் உள்ள வீட்டுக்கு ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை, அதான் ஈரம் தாங்குற பிளைவுட், போடுங்க, சிங்க்குக்கு கீழ மட்டும் அதையும் வைக்காம கடப்பா கல்லுல தட்டு போட்டு கதவு மட்டும் மாட்டுங்க. எதையும் சுவத்தோட ஒட்டி அடிக்காதீங்க, பின்னாடி ஒரு ரெண்டு இன்ச்சு சந்து விட்டு, கீழயும் மேலயும் காத்து போக வழி வைங்க.

சரி, அப்ப எப்படித் தான் செய்யிறதுன்னு கேப்பீங்க. முதல்ல கசிவு, வாட்டம், மேல்தளம் எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, தை மாசி வாக்குல சிமெண்ட் பூச்சை செங்கல்லு வரைக்கும் செதுக்கி எடுக்கணும், உப்பு பிடிச்ச இடத்துல கறைக்கு மேல இன்னும் ஒரு அடி சேத்து. அப்புறம் உப்பை காஞ்ச பிரஷ்ஷால தட்டித் தட்டி எடுக்கணும், தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். அப்புறம் சும்மா விடணும். இதுக்குத் தான் யாருக்கும் பொறுமை கிடையாது, பங்குனி சித்திரை வெயில் பூரா சுவரு வெறும் உடம்போட காயணும், ஆனா வீட்டுக்காரருக்கு ரெண்டு வாரத்துல முடிக்கணும், கல்யாணம் வருது, அமெரிக்காவுலேர்ந்து புள்ளை வர்றான். காயாத சுவத்து மேல எது பூசினாலும் அது தண்டம்னு சொன்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறாங்க.

காஞ்சதும் சுண்ணாம்புப் பூச்சு, நல்லா ஊற வச்சு நீத்துப் போன சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூணு பங்கு, மெல்லிசா ரெண்டு மூணு தடவையா பூசணும், ஒரே தடவையில கனமா அப்பினா வெடிச்சுடும். மேல சுண்ணாம்பு அடி தான், அதோட காரத்துல பூசணம் சீக்கிரம் வராது. டைல்ஸே இல்லாம எப்படி துடைக்கிறதுன்னா, அடுப்புக்குப் பின்னாடியும் சிங்க்குக்குப் பின்னாடியும் மேடைக்கு மேல ரெண்டு அடி ஒட்டிக்கோங்க, எண்ணெய் தெறிக்கிறது அங்க தான், மேடைக்குக் கீழயும் மத்த சுவத்துலயும் ஒட்டாதீங்க. கீழேர்ந்து ஏறுறதையே நிறுத்தணும்னா சுவத்தோட அடியில வரிசையா துளை போட்டு, தண்ணி ஏறாம தடுக்குற சிலேன் க்ரீம்னு ஒரு மருந்தை ஏத்துற முறை இருக்கு, நல்லபடியா செஞ்சா பலன் உண்டு, ஆனா செலவு ஜாஸ்தி, 18 இன்ச்சு சுவத்துல உள்ள பொந்து இருந்தா க்ரீம் எங்க போச்சுன்னே தெரியாது, அதனால நான் அதை கடைசியா தான் சொல்லுவேன்.

சுண்ணாம்பு வேலைக்கு கூலியும் நாளும் கூடத்தான் ஆகும், அதை மறைக்கலை, அது தெரிஞ்ச கொத்தனாருங்க வயசாகி வேலையை விட்டுக்கிட்டு இருக்காங்க, பசங்களுக்கு சிமெண்ட் பூச்சு தான் தெரியும். ஆனா சிமெண்ட் பூசின சுவத்தை மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா செதுக்கிப் பூசுறதுக்கு ஆகுற காசைக் கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. வாடகை வீட்ல இருக்குறவங்க இதெல்லாம் செய்ய முடியாது, அவங்க அடைச்ச வென்டிலேட்டரைத் தொறந்து, பாத்திரத்துக்கு மூடி போட்டு சமைச்சு, செல்ஃபை சுவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி வச்சாலே பாதி பூசணம் குறையும். பூசணத்தை காஞ்ச துணியால தட்டி விடாதீங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டு ஈரத்துணியால துடைங்க, ஆஸ்துமா உள்ளவங்க வீட்ல இருந்தா அவங்களை அந்த வேலைக்கு விடாதீங்க. ஈரமும் பூசணமும் ஆஸ்துமாவையும் மூச்சுத் தொந்தரவையும் கூட்டும்னு உலக சுகாதார நிறுவனமே 2009-ல தனியா வழிகாட்டுதல் போட்டிருக்கு.

பொங்கல் முடிஞ்சதும் இந்தப் பக்கம் எல்லாரும் ரிப்பேர் வேலையை ஆரம்பிப்பாங்க, உங்க கட்டுரையை வெட்டி எடுத்து கையில வச்சுக்கிட்டு இதே மாதிரி செஞ்சு குடுங்கன்னு இப்பவே ஒருத்தர் கேட்டுட்டாரு. அதுக்குள்ள இந்தக் கடிதத்தையோ, இல்ல சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார் யாரையாவது பாத்துப் பேசி ஒரு பேட்டியையோ அதே பக்கத்துல போடுங்க. ஆள் வேணும்னா தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கோயில் திருப்பணி நடக்குற எடத்துல விசாரிங்க, சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிஞ்சவங்க அங்க தான் இன்னும் இருக்காங்க.

இப்படிக்கு,
பழைய வீடு ரிப்பேர் வேலை பாக்குற ஒரு வாசகர்,
கும்பகோணம்